சாட்சியம் சொல்லும் பிள்ளை

புயலுக்குப் பிறகு எனக்கு ஒரு பெயர் வந்தது. ‘சாட்சியம் சொல்லும் பிள்ளை’ என்றார்கள். அப்போது பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் முட்டத்துக்கு மேற்கே, ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவில் நெருக்கிக் கட்டிய வீடுகளும் அவற்றுக்குச் சம்பந்தமில்லாத உயரத்தில் ஒரு கோயிலும் உள்ள ஊர். எல்லோரும் கத்தோலிக்கர்கள். எல்லா வீட்டுக்கும் கடல்தான் தொழில்.

அப்பா போன வள்ளத்தில் நான்கு பேர். கடலில் இரண்டு மூன்று நாள் தங்கி மீன் பிடித்துத் திரும்புகிற ஃபைபர் வள்ளம் அது. வள்ளத்துக்காரர், அவருடைய தம்பி, அப்பா, எங்கள் பின் தெருவிலிருந்து ஒரு பையன். அவன் என்னைவிட ஒரு வயது மூத்தவன். பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்ற பிறகு அந்த வருடம்தான் கடலுக்குப் போகத் தொடங்கியிருந்தான். அவர்கள் போன மறுநாள் காலையில் காற்று அடித்தது. எங்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகள் இரண்டு பறந்தன. அம்மா அதைக் கவனிக்கவே இல்லை. கடற்கரைக்குப் போய்விட்டாள். ஊரே அங்கே நின்றது.

வள்ளத்துக்காரரும் தம்பியும் வேறு வேறு நாட்களில் கேரளத்துக் கரையில் பிணமாக ஒதுங்கினார்கள். பையனை ஒரு கப்பல் தூக்கியெடுத்துக் கொச்சியில் இறக்கியது. அப்பாவைப் பற்றி மட்டும் ஒரு தகவலும் இல்லை. அடையாளம் தெரியாத உடல்கள் திருவனந்தபுரத்தில் இருக்கின்றன என்று சொன்னார்கள். அம்மாவின் அண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். உடல்களைப் பார்க்க என்னை விடவில்லை. மகள் என்பதால் ரத்தம் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். வராந்தாவில் என்னைப் போலவே கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரிடமும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. என் ரத்தம் எந்த உடலோடும் பொருந்தவில்லை என்று பின்னால் சொல்லியனுப்பினார்கள். அன்று அம்மா சிரித்தாள். பொருந்தவில்லை என்றால் உயிரோடு இருக்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

பையன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அம்மா அவன் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். உப்பும் வெயிலும் பட்டு அவன் முகத்துத் தோல் உரிந்திருந்தது. உதடு பிளந்து மருந்து தடவியிருந்தார்கள். அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, “மக்கா, மாமா எங்க?” என்று கேட்டாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, “தெரியாது மாமி. வள்ளம் கவுந்ததும் ஆளாளுக்கு ஒரு பக்கமா போயிட்டோம்” என்றான். அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. அவன் சாப்பிட்டானா என்று அவன் அம்மாவிடம் விசாரித்துவிட்டு எழுந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு அந்த வருடம் ஊரில் ஒரு வீட்டிலும் நட்சத்திரம் தொங்கவில்லை. பொங்கல் விடுமுறை முடிந்த பிறகுதான் எங்கள் கோயில் பங்கின் இளையோர் கூட்டம் மறுபடி தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் மறைக்கல்விக்கும் பிறகு கோயிலுக்குப் பின்னால் உள்ள ஹாலில் கூடுவோம். எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் உள்ள பிள்ளைகள், படிப்பை நிறுத்திய சிலர். பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, நடுவில் ஒரு ஸ்டூலில் பைபிளும் மெழுகுவர்த்தியும் வைப்போம். கான்வென்ட்டிலிருந்து வந்த ஒரு சிஸ்டர் நடத்துவார்கள். முதலில் ஒரு வாசகம், பிறகு பகிர்வு. கடவுள் என் வாழ்க்கையில் என்ன செய்தார் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். புயலுக்கு முன்னால் அது எங்களுக்கு விளையாட்டு மாதிரி. பரீட்சையில் தேறியது, தொலைந்த கொலுசு கிடைத்தது, தம்பிக்குக் காய்ச்சல் விட்டது என்று சொல்லிவிட்டு உட்காருவோம். பையன்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரிப்பார்கள். புயலுக்குப் பிறகு முதல் கூட்டத்தில் யாரும் இடிக்கவில்லை. அந்த வட்டத்தில் அப்பாவோ அண்ணனோ இல்லாமல் போனவர்கள் பலர் இருந்தோம்.

சிஸ்டர் என்னிடம், உனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார்கள். எழுந்து நின்றேன். அப்பா வருவார் என்று அம்மா சொல்கிறாள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது என்றேன். அப்பா கழுத்தில் எப்போதும் ஒரு செபமாலை போட்டிருப்பார், அது வீட்டில் இல்லை, அதனால் கடலில் அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்திருப்பார் என்றேன். அவ்வளவுதான். சிஸ்டர் அழுதுவிட்டார்கள். பிள்ளைகளும் அழுதார்கள். சிஸ்டர் என்னைக் கட்டிப்பிடித்து, எவ்வளவு பெரிய விசுவாசம் என்றார்கள்.

அந்த வருடக் கோடையில் கோட்டாற்றில் பல பங்குகளின் இளையோருக்குத் தங்கல் முகாம் நடந்தது. சிஸ்டர் என்னைக் கூட்டிப்போய் மேடையில் ஏற்றினார்கள். பெரிய ஹால், மேலே மின்விசிறிகள் கடகடவென்று சுற்றின. கீழே தோவாளைப் பக்கத்துப் பிள்ளைகள், சுசீந்திரம் பக்கத்துப் பிள்ளைகள், மேற்கே ரப்பர் தோட்டத்து ஊர்களிலிருந்து வந்தவர்கள். அவர்களில் பலருக்குக் கடல் என்பது கன்னியாகுமரிக்குச் சுற்றுலா போகிறபோது பார்க்கிற ஒன்று. நான் பேசி முடித்ததும் ஹால் முழுக்க விசும்பல் சத்தம். மதியச் சாப்பாட்டு வரிசையில் ஒரு பெண் வந்து என் கையைத் தொட்டுப் பார்த்தாள். அவளுடைய அப்பா பஸ் கண்டக்டர். எனக்காகத் தினமும் ஜெபிப்பதாகச் சொன்னாள். நான் நன்றி என்றேன். அவள் மேல் எனக்கு ஒரு வெறுப்பு வந்தது. முகாம் முடிந்து வீட்டுக்குப் போனால் அவளுடைய அப்பா காக்கிச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன்.

பிறகு வேறு பங்குகளிலிருந்தும் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் சாட்சியம் கொஞ்சம் வளர்ந்தது. எந்த இடத்தில் நிறுத்தினால் அழுவார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பா அலைகளுக்கு நடுவே செபமாலையின் எந்த மறைபொருளைத் தியானித்திருப்பார் என்றுகூடச் சொன்னேன். சிஸ்டர் அதைத் திருத்தி இன்னும் அழகாக்கினார்கள். அம்மா ஒரு தடவைகூட வந்து கேட்டதில்லை. அவள் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய் விற்றுவிட்டு வருவாள். தாலியைக் கழற்றவில்லை. நிறமுள்ள சேலைதான் உடுத்தினாள். ஊர்ப் பெண்கள் சிலர் சாடைமாடையாகப் பேசினார்கள். அவளுக்கு அது காதில் விழுந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பையனையும் கூட்டத்துக்கு அனுப்பினார்கள். அவன் யாரோடும் பேசுவதில்லை, கடல் பக்கமே போவதில்லை என்று அவன் அம்மா சிஸ்டரிடம் போய் அழுதிருக்கிறாள். எங்கள் ஊரில் கடலுக்குப் போகாத ஆண்பிள்ளை என்றால் வெளிநாட்டில் இருக்க வேண்டும் அல்லது படித்திருக்க வேண்டும். அவன் இரண்டும் இல்லாமல் ஐஸ் கம்பெனியில் கட்டி உடைத்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னலோரம் உட்காருவான். பகிர்வு அவன் பக்கம் வரும்போது சிஸ்டர் அவனைத் தாண்டி அடுத்த ஆளைப் பார்ப்பார்கள். அது ஒரு வழக்கமாகிவிட்டது. நான் பேசும்போதெல்லாம் அவன் தலையைக் குனிந்துகொண்டிருப்பான். உயிரோடு வந்தவனுக்கு வெட்கம் என்று நான் நினைத்தேன்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரியில் சேர்ந்த பிறகும் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு தவக்காலத்தில் சிஸ்டருக்கு உடம்பு சரியில்லை. குருமடத்திலிருந்து பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பிரதர் அன்று கூட்டத்தை நடத்தினார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எங்கள் ஊர் விவரம் ஒன்றும் அவருக்குத் தெரியாது. நல்ல மனுஷர். யாரையும் விடாமல் வரிசையாகக் கேட்டார். கடவுள் என் கூடவே இருக்கிறார் என்று நான் உணர்ந்த ஒரு நேரம் என்பதுதான் அன்றைய பொருள். ஜன்னல் பக்கம் வந்ததும், “தம்பி, நீங்க சொல்லுங்க” என்றார். யாராவது தடுத்திருக்கலாம். எல்லோரும் சும்மா இருந்தோம்.

அவன் எழுந்து நின்றான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

“நா அப்பிடி உணரல்ல பிரதர். நா கடல்ல கெடந்தேன். நானும் இவளுக்க அப்பாவும் ஒண்ணாத்தான் கெடந்தோம்.”

என்னைக் கையால் காட்டவில்லை. ஆனாலும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

வள்ளம் கவிழ்ந்ததும் மற்ற இருவரையும் அலை கொண்டுபோய்விட்டது என்றான். அவனும் அப்பாவும் கவிழ்ந்த வள்ளத்தின் மேல் ஏறிக் கிடந்திருக்கிறார்கள். அலை தள்ளும்போது விழுவார்கள், மறுபடி ஏறுவார்கள். அப்பாதான் ஒரு கயிறு தேடிப் பிடித்து அவன் இடுப்பில் கட்டி வள்ளத்தோடு முடிந்திருக்கிறார். முதல் நாள் அப்பா செபமாலை சொன்னார், அவனையும் சொல்ல வைத்தார். அதன் பிறகு சொல்லவில்லை. தாகம் தாங்காமல் அப்பா கடல் தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்துவிட்டார். வேண்டாம் மாமா என்று அவன் சொல்லியிருக்கிறான். பிறகு அப்பா வேறு மாதிரிப் பேச ஆரம்பித்தார். வீட்டில் இருப்பதுபோல் பேசினார். கதவைச் சாத்து, மழை உள்ளே அடிக்கிறது என்றாராம்.

“பெறவு எங்கிட்ட சொன்னாரு. ஏலே, அங்க பாரு, நம்ம கோயில் கோபுரம் தெரியுது. நீ இங்க கெட. நா வீட்டுல போய் வெள்ளம் குடிச்சிட்டு ஒனக்கும் கொண்டாறேன். அப்பிடி சொல்லிட்டு எறங்கி நீந்திப் போனாரு. கோபுரம் ஒண்ணும் இல்ல. மழதான், தெச ஒண்ணும் தெரியல்ல. நா கூப்பிட்டேன். சத்தம் வரல்ல. கயிற அவுக்க எனக்க கையில பெலம் இல்ல.”

பிரதர் எழுந்துவிட்டார். போதும் தம்பி என்றார். அவன் நிறுத்தவில்லை.

“செத்துட்டாருன்னு சொல்ல எனக்கு ஒறப்பில்ல. நா சாவப் பாக்கல்ல. போறதத்தான் பாத்தேன். இவ ஒவ்வொரு வாட்டியும் எங்க அப்பா வருவாருன்னு சொல்லும்ப, வந்துருவாரோன்னு எனக்கும் தோணும். அதான் சொல்லல்ல.”

அவன் உட்கார்ந்தான். மெழுகுவர்த்தியை யாரும் அணைக்காமலே கூட்டம் கலைந்தது. நான் அழவில்லை. ஹாலுக்கு வெளியே குழாயடியில் அவன் முகம் கழுவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்றேன். சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் வாயில் வேறு கேள்விதான் வந்தது.

“கடேசியா ஏசுவே மாதாவேன்னு ஒண்ணும் சொல்லல்லியா?”

“இல்ல. வெள்ளம் வெள்ளம்னுதான் சொன்னாரு.”

ஊர் சிறியது. நான் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் அம்மாவுக்குச் செய்தி போயிருந்தது. அவள் அடுப்படியில் நின்று மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்து, சட்டியை அடுப்பில் வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, “அவனக் கூட்டிட்டு வா” என்றாள். நான் நகரவில்லை. “ஏட்டி, போய்க் கூட்டிட்டு வா” என்று மறுபடி சொன்னாள். குரல் உயரவில்லை.

அவனோடு அவன் அம்மாவும் வந்தாள். அந்த அம்மா வாசலிலேயே என் அம்மாவின் காலைப் பிடிக்கக் குனிந்தாள். அம்மா தடுத்து நாற்காலி எடுத்துப் போட்டாள். அவனுக்குக் கட்டன் சாயா போட்டுக் கொடுத்தாள். அவன் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தான். ஹாலில் சொன்னதையெல்லாம் அம்மா மறுபடி சொல்லச் சொன்னாள். அவன் சொன்னான். கயிறு கட்டிய இடம் வந்ததும் அம்மா ஒரு தடவை தலையை ஆட்டினாள். அப்பாவின் பழக்கம் அது, எதையும் இரண்டு முடிச்சுப் போட்டுத்தான் கட்டுவார். எல்லாம் கேட்டு முடித்த பிறகு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“எந்தப் பக்கமா நீந்துனாரு மக்கா?”

அவன் என்னைப் பார்த்தான். மழையில் திசையே தெரியவில்லை என்று மத்தியானம் அவன் சொன்னதை நான் கேட்டிருந்தேன்.

“கரப் பக்கம்தான் மாமி” என்றான். “கரப் பக்கமாத்தான் போனாரு.”

அம்மா, “அப்ப வீட்டுக்குத்தான் வந்திருக்காரு” என்றாள். சாயா ஆறுது, குடி என்று அவனிடம் சொன்னாள். அவன் ஒரே மடக்கில் குடித்தான்.

அவர்கள் போன பிறகு அம்மா கண்ணாடி முன் நின்று தாலியைத் தானே கழற்றினாள். ஊர்ப் பெண்களைக் கூப்பிடவில்லை, அழுகைக்கு ஆள் சேர்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தாலியை மாதா சொரூபத்தின் காலடியில் வைத்தாள். அதற்குப் பிறகுதான் தரையில் உட்கார்ந்து அழுதாள். இத்தனை நாள் அவள் அழுததை நான் பார்த்ததில்லை. அந்த அழுகை எனக்குப் பயமாக இருந்தது. தொண்டையிலிருந்து வந்த அழுகை இல்லை அது. வயிற்றிலிருந்து வந்தது. பக்கத்து வீட்டில் டிவியை நிறுத்தினார்கள்.

மறுநாள் அவள் பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தாள். இறந்தவருக்கான பூசை வேண்டும் என்றாள். சாமியார் கொஞ்சம் தயங்கினார். இத்தனை நாள் உயிரோடு இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் திடீரென்று வந்து கேட்கிறாளே என்று யோசித்திருக்கலாம். உடல் கிடைக்காத சில வீடுகளில் சட்டையையும் சாரத்தையும் பெட்டியில் வைத்து அடக்கம் செய்திருந்தார்கள், அப்படிச் செய்யலாமா என்று கேட்டார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. துணியைப் புதைத்துவிட்டு அதன் மேல் பூப் போட என்னால் முடியாது சாமி என்றாள். கடைசியில் பீடத்துக்கு முன்னால், பெட்டி வைக்கிற இடத்தில் ஒரு சின்ன மேசை போட்டு அப்பாவின் போட்டோவை வைத்தார்கள். ரேஷன் கார்டுக்கு எடுத்த போட்டோவைப் பெரிதாக்கியது. அப்பா அதில் யாரிடமோ கோபமாக இருப்பதுபோல் இருப்பார். சாமியார் போட்டோவைச் சுற்றித் தீர்த்தம் தெளித்துத் தூபம் காட்டினார். பிறகு எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போனோம். கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற நடை இல்லாததால் பூசை பாதியில் நின்றதுபோல் இருந்தது. கோயில் வாசலில் ஆட்கள் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார்கள்.

சிஸ்டர் உடம்பு தேறி வந்ததும் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப வருத்தப்பட்டார்கள். அது பொய் இல்லை, அவர்களுக்கு என் மேல் உண்மையான பிரியம் இருந்தது. கிளம்பும்போது, அடுத்த முகாமில் நீ இதைப் பற்றியும் பேசலாம், இழப்பை ஏற்றுக்கொள்வதும் விசுவாசம்தானே என்றார்கள். நான் மாட்டேன் என்றேன். அவர்கள் வற்புறுத்தவில்லை. அதற்குப் பிறகு நான் இளையோர் கூட்டத்துக்குப் போகவில்லை.

அவன் மட்டும் இன்னும் இரண்டு மூன்று ஞாயிறு போனான் என்று கேள்விப்பட்டேன். ஊரில் அவனைப் பற்றி இரண்டு விதமாகப் பேசினார்கள். பாவம் சின்னப் பையன் என்று சிலர். கயிற்றை அவிழ்த்துப் பின்னாலேயே போயிருக்கலாம், தன் உயிரைப் பார்த்துக்கொண்டான் என்று சிலர். அப்படிச் சொன்னவர்களில் கடலுக்கே போகாத ஆட்களும் இருந்தார்கள். ஒருநாள் ஐஸ் கம்பெனி வாசலில் யாரோ குடித்துவிட்டு அவன் முகத்துக்கு நேராகவே அதைச் சொல்லிவிட்டார்கள். அந்த வாரமே அவன் கேரளத்துக்குப் போய்விட்டான். டைல்ஸ் ஒட்டுகிற வேலை என்றார்கள். போவதற்கு முன் பஸ் ஸ்டாப்பில் அவனைப் பார்த்தேன். ஏன் கரைப் பக்கம் என்று சொன்னாய் என்று கேட்டேன்.

“பின்ன என்ன சொல்ல?” என்றான்.

பஸ் வந்தது. நான் காலேஜ் பையை மாட்டிக்கொண்டு அதில் ஏறினேன். அவனும் அதே பஸ்ஸில்தான் நாகர்கோவிலுக்குப் போக வேண்டும். ஆனால் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸுக்காக நின்றான்.

பிறகு அவன் ஊருக்கு வருவது குறைந்தது. திருவிழாவுக்கு ஒருமுறை வந்தபோது நன்றாகக் குடித்திருந்தான். கொடிமரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அம்மாதான் அவனை எழுப்பி வீட்டுக்குக் கொண்டுவிட்டாள். அவன் அம்மாவுக்கு இப்போது சர்க்கரை நோய் முற்றிக் கண் தெரியவில்லை. அம்மா அவ்வப்போது குழம்பு கொண்டுபோய்க் கொடுப்பாள். இரண்டு பெண்களும் அந்த விஷயத்தைப் பற்றிப் பேசிக்கொள்வதே இல்லை.

நான் இப்போது நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறேன். அம்மா கூடை தூக்குவதை நிறுத்திவிட்டாள், முழங்கால் வலி. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் பூசைக்குப் போகிறோம். ஜெபங்களையெல்லாம் மற்றவர்களோடு சேர்ந்து சொல்கிறேன். விசுவாசப் பிரமாணத்தில் ‘உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்’ என்று வருகிற இடத்தில் மட்டும் என் வாய் நின்றுவிடும். வேண்டுமென்று செய்வதில்லை. அந்த இடம் வரும்போது உதடு ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் நிற்கிறவர்களின் குரல் என்னைத் தாண்டிப் போகும்.

அம்மா இதைக் கவனித்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. போன மாதம் பூசை முடிந்து திரும்பும்போது மெடிக்கல் ஷாப் முன்னால் நின்றாள். மாத்திரை வாங்கத்தான் நிற்கிறாள் என்று நினைத்தேன்.

“வாய தொறந்து சொல்லு மக்கா” என்றாள். “ஒனக்கு நம்பிக்க இல்லன்னா வேண்டாம். ஒங்க அப்பாவுக்க சார்புல சொல்லு. அவருக்கு இப்ப வேற ஆள் யாரு இருக்கு?”

சரி என்றேன். அடுத்த ஞாயிறு சொல்லிப் பார்த்தேன். பாதி வந்தது. அதற்கு அடுத்த ஞாயிறு அதுவும் வரவில்லை. அம்மா என் பக்கம் திரும்பவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே சத்தமாகச் சொன்னாள்.